இணையச் சொற்களின் வரலாறு

கடல் கடந்து வரும் பொருள் தன் பெயரையும் உடன் கொண்டு வருதல் இலங்கைத் தமிழர்க்குப் புதிதன்று. போர்த்துக்கேயரோடு அலுமாரியும் கதிரையும் யன்னலும் வந்தன. ஒல்லாந்தரோடு கந்தோரும் லாச்சியும் வந்தன. "லாச்சியைத் திற" என்று பேரனுக்குச் சொல்லும் யாழ்ப்பாணத்துப் பாட்டிக்கு அது ஒல்லாந்துச் சொல் என்னும் நினைவு சிறிதும் இல்லை. பொருள் வீட்டுப் பொருளாயிற்று. சொல்லும் வீட்டுச் சொல்லாயிற்று. அதற்கு இரண்டு மூன்று நூற்றாண்டுகள் கிடைத்தன.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலே வந்த இணையம் அத்தகைய அவகாசம் எதனையும் தரவில்லை. சில ஆண்டுகளுக்குள் அது வங்கியிலும் பாடசாலையிலும் கச்சேரியிலும் புகுந்துவிட்டது. "பிரவுசரைத் திறவுங்கள், லிங்கை அழுத்துங்கள், பாஸ்வேர்ட்டைக் கொடுங்கள்" என்று எழுதுவினைஞர் கூறும்போது, அவற்றின் பொருளைக் கேட்க நாணும் முதியவர் ஒருவர், தம் கைத்தொலைபேசியையே அயலில் நிற்பவர் கையிற் கொடுத்துவிடுகிறார். சொல் விளங்காமையால் தம் பணப்பெட்டியின் திறப்பையே பிறரிடம் ஒப்படைக்கும் நிலை இது. ஆகவே இச்சொற்கள் எங்கே பிறந்தன, எவர் இட்டவை, எதனைக் குறித்தன என்று அறிதல் வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

இவற்றுள் மூத்த சொற்களில் ஒன்று 'பொதி'. ஆங்கிலத்தில் 'பக்கற்' எனப்படுவது இதுவே. 1960ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில், அமெரிக்காவின் றாண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த போல் பரன் என்பார், அணுக்குண்டு வீழ்ந்து தொடர்பு நிலையங்கள் சில அழிந்தொழிந்தாலும் எஞ்சியவற்றின் வழியாகச் செய்தி செல்லுதல் கூடுமா என ஆராய்ந்தார். செய்தியைச் சிறு சிறு துண்டங்களாக்கி, வழி கிடைத்தவாறு அவற்றைத் தனித்தனியே செலுத்துதல் வேண்டும் என்பது அவர் கண்ட முடிபு. ஏறக்குறைய அதே காலத்தில், பிரித்தானியாவின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் டொனால்ட் டேவிஸ் என்னும் வேல்ஸ் நாட்டவர், பரனின் ஆராய்ச்சியை அறியாமலே அம்முடிபிற்கு வந்தார். பரன் அத்துண்டத்தைச் 'செய்தித் துண்டம்' என்றழைத்தார். டேவிஸ் 'பக்கற்' என்றார். டேவிஸ் இட்ட பெயரே நின்று நிலைத்தது. அதற்குக் காரணம் உண்டு. பெயரிடுமுன் அவர் மொழியறிஞர் ஒருவரை அணுகி, பிறமொழிகளிலும் எளிதிற் பெயர்க்கத்தக்க சொல் யாது என வினவினார் என்பர். இணையச் சொற்களைத் தமிழாக்க முயல்வோர், அச்சொற்களுள் மிகப் பழையதொன்று மொழிபெயர்ப்பை மனத்திற் கொண்டே தெரியப்பட்டது என்பதை அறிந்தால் மகிழ்வர்.

பொதியின் இயல்பைத் தபாலைக் கொண்டு விளக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு முப்பது தாள்கள் கொண்ட கையெழுத்துப் பிரதியொன்றை அனுப்ப வேண்டியுள்ளது என்க. அதனை ஒரே கட்டாகக் கட்டாமல், ஒவ்வொரு தாளையும் தனித்தனி உறையிலிட்டு, ஒவ்வோர் உறையின்மீதும் பெறுவோர் முகவரி, அனுப்புவோர் முகவரி, 'முப்பதில் ஏழாவது' என்பது போன்ற இலக்கம் ஆகியவற்றை எழுதித் தபாலிற் சேர்த்துவிடலாம். சில உறைகள் வவுனியா வழியாக நேரே போகும். சில திருகோணமலையைச் சுற்றிக்கொண்டு போகும். பதினோராவது உறை ஏழாவதற்கு முன்னரே சென்றடைதலும் கூடும். கொழும்பில் உள்ளவர் இலக்கப்படி அடுக்கிக்கொள்வார். பன்னிரண்டாவது வந்துசேரவில்லையெனின் அதனை மட்டும் மீண்டும் அனுப்புமாறு கேட்பார். பழைய தொலைபேசி முறை இதற்கு மாறானது. இருவர் பேசும்போது ஒரு வழி முழுவதும் அவர்க்கே ஒதுக்கப்படும். அவர் வாளாவிருக்கும்போதும் அவ்வழி பிறர்க்குப் பயன்படாது. பொதி முறையிலோ ஒரே கம்பியில் ஆயிரம்பேருடைய உறைகள் இடைவெளியின்றிச் செல்லும்.

அணுப்போரில் அழியாதிருக்கவே இணையம் அமைக்கப்பட்டது என்று பலரும் எழுதிவருகின்றனர். அது பரனின் ஆராய்ச்சிக்கே பொருந்தும். முதன்முதலில் கட்டப்பட்ட வலையமைப்பாகிய ஆர்ப்பாநெற், அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி முகவர் நிலையம் ஒன்றின் பொருட்செலவில் எழுந்ததாயினும், பல்கலைக்கழகங்களில் இருந்த விலையுயர்ந்த கணினிகளை ஆராய்ச்சியாளர் தூர இருந்தே பகிர்ந்து பயன்படுத்துதல் அதன் உடனடி நோக்கமாக இருந்தது.

1969ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி இரவு, லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில், லெனாட் கிளைன்றொக் என்னும் பேராசிரியரின் ஆய்வுகூடத்தில், சார்ளி கிளைன் என்னும் மாணவர் கணினியொன்றின் முன் அமர்ந்தார். வடக்கே ஏறத்தாழ 350 மைல் தொலைவில், ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் மற்றொரு கணினி இருந்தது. 'லொகின்' என்னும் ஆங்கிலச் சொல்லை அவர் எழுத்தெழுத்தாக அனுப்பத் தொடங்கினார். எல் என்னும் எழுத்துப் போய்ச் சேர்ந்தது. ஓ என்பதும் சேர்ந்தது. மூன்றாம் எழுத்தை அனுப்புகையில் அப்பக்கத்துக் கணினி செயலிழந்தது. ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கழித்தே முழுச்சொல்லும் சென்றது. அவ்வாண்டு முடிவதற்குள் நான்கு நிலையங்கள் இணைக்கப்பட்டன.

'லொகின்' என்பதன் வரலாறு கப்பலோட்டிய மக்களுக்குச் சுவை தருவது. 'லொக்' என்பது மரக்கட்டை. பழங்காலத்து ஐரோப்பிய மாலுமிகள் கயிற்றிற் பிணித்த கட்டையொன்றைக் கடலில் எறிந்து கப்பலின் வேகத்தை அளந்தனர். அவ்வளவைக் குறித்துவைத்த ஏடு 'லொக்' ஏடு எனப்பட்டது. பின்னர் அச்சொல் எந்த நாளேட்டிலும் பதிதலைக் குறித்து, ஈற்றில் கணினியில் தன்னைப் பதிந்துகொண்டு உட்புகுதலைக் குறிக்கலாயிற்று. தமிழில் அதனைப் 'புகுபதிகை' என்பர். 

அவ்வாறு புகுவோர் இன்னார்தாம் என்று காட்டும் இரகசியச் சொல்லே கடவுச்சொல். படைவீரர் பாசறைக் காவலனிடம் சொல்லும் குறிச்சொல்லிலிருந்து வந்த பெயர் இது. பலர் பகிர்ந்து பயன்படுத்திய கணினி ஒன்றில் 1961ஆம் ஆண்டளவில், மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில், பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரின் குழுவினர் இதனைக் கையாண்டனர். அடுத்த ஆண்டே அது திருடப்பட்டது. தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமையால், அலன் ஷேர் என்னும் ஆராய்ச்சி மாணவர் எல்லாருடைய கடவுச்சொற்களையும் அச்சிட்டெடுத்துக்கொண்டார்; ஏறக்குறையக் கால் நூற்றாண்டு கழித்து அவரே அதனை வெளியிட்டார். கடவுச்சொல்லைப் பிறர் கையிற் கொடுத்தலாகாது என்னும் எச்சரிக்கைக்கும் கடவுச்சொல்லுக்கும் வயது ஏறக்குறைய ஒன்றே.

'புரொட்டோகோல்' என்பது கிரேக்க மூலமுடையது. பப்பைரசுச் சுருளின் தலைப்பில் முதலாவதாக ஒட்டப்பட்ட தாளுக்கு அப்பெயர் இருந்தது. பின்பு அது அரசர்களுக்கிடையிலான உடன்படிக்கையின் வரைவையும், தூதர் கைக்கொள்ள வேண்டிய முறைமையையும் குறித்தது. கணினியுலகில் அது, ஒரு பொறி மற்றொரு பொறியோடு தொடர்பு கொள்ளுங்கால் எதை முன் சொல்வது, எதற்கு விடை தருவது, தவறினால் என் செய்வது என்னும் ஒழுங்கைக் குறிக்கின்றது. தமிழில் 'நெறிமுறை' என்பது நன்கு பொருந்துகின்றது. ஆர்ப்பாநெற்றின் நெறிமுறைகளை வகுக்கும் பொறுப்பு இளம் ஆராய்ச்சி மாணவர் சிலரிடம் வந்து சேர்ந்தது. தமக்கு மேலான அதிகாரிகள் எவரேனும் வந்து கண்டிப்பர் என்னும் அச்சம் அவர்களுக்கு இருந்தது. ஆகையால் அவருள் ஒருவராகிய ஸ்ரீவ் குறொக்கர், 1969 ஏப்ரில் 7ஆந் திகதியிட்ட தம் முதற்குறிப்பிற்குக் 'கருத்துரைக்கு வேண்டுகோள்' என்று பணிவான தலைப்பை இட்டார். நண்பர்கள் துயில் கலையாதிருக்கும் பொருட்டு இரவிலே குளியலறையிலிருந்து எழுதியதாக அவர் பிற்காலத்திற் கூறியுள்ளார். அத்தலைப்பு இன்றுவரை மாறவில்லை. உலகம் முழுவதும் பின்பற்றும் விதிகள் இன்றும் 'வேண்டுகோள்' என்ற பெயராலேயே வெளிவருகின்றன.

மின்னஞ்சல் 1971ஆம் ஆண்டிற்குரியது. ஒரே கணினியைப் பயன்படுத்துவோர் ஒருவர்க்கொருவர் குறிப்பு விடுத்தல் அதற்கு முன்பும் இருந்தது. ரேய் ரொம்லின்சன் என்னும் பொறியியலாளரே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றிற்கு அதனை அனுப்பினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட, எவர் பெயரிலும் வாராத குறியொன்று வேண்டியிருந்தது. விசைப்பலகையில் வேலையற்றிருந்த ஒரு குறி அவர் கண்ணிற் பட்டது. ஆங்கிலத்தின் முதலெழுத்தை அதன் வாலே சுற்றி வளைத்தாற்போன்ற குறி அது. 'இன்ன விலைப்படி' என்று காட்ட வணிகர் கணக்கேட்டில் எழுதிவந்தது. 'இன்ன இடத்தில்' எனவும் அதனை வாசிக்கலாம். ஒல்லாந்தர் அதனைக் குரங்கின் வால் என்றும், இத்தாலியர் நத்தை என்றும், உருசியர் நாய் என்றும் அழைத்து மகிழ்கின்றனர். தமிழர் இன்னும் 'அற்' என்றே சொல்லிவருகின்றனர். அக்குறியோடு சென்ற முதற்கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று பின்னாளிற் கேட்டபோது, நினைவில் இல்லை என்றார் ரொம்லின்சன். 

இதற்குள் ஆர்ப்பாநெற் ஒன்றே வலையமைப்பு என்னும் நிலை மாறிவிட்டது. வானொலி அலைவழி இயங்குவதொன்று, செய்மதிவழி இயங்குவதொன்று எனப் பல தோன்றின. ஒவ்வொன்றின் நெறிமுறையும் வெவ்வேறு. இவற்றை ஒன்றோடொன்று பேசவைக்கும் பொது நெறிமுறையை வின்ற் சேர்வ், ரொபேட் கான் என்னும் இருவர் 1974ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்டனர். அவ்வாண்டு டிசெம்பரில் வெளிவந்த 'வேண்டுகோள்' ஒன்றிலே 'இன்ரர்நெற்' என்னும் சுருக்கச் சொல் இடம்பெறுகின்றது. வலைகளுக்கிடையேயான வலை என்பதே அதன் பொருள். பிரான்சு நாட்டவராகிய லூயி புசான் 'கற்றெநெற்' என வேறொரு பெயரைச் சொல்லியிருந்தார். அது வழக்கிற் பரவவில்லை. 1983ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி ஆர்ப்பாநெற் முழுவதும் புதிய நெறிமுறைக்கு மாறியது. அந்நாளையே இணையத்தின் பிறந்தநாள் எனக் கொள்வோர் பலர்.

புதிய நெறிமுறையில் ஒவ்வொரு கணினிக்கும் முகவரி ஓர் இலக்கமே. ஏறத்தாழ 429 கோடி இலக்கங்கள் உலகிற்குப் போதும் என அன்று எண்ணினர். 2011ஆம் ஆண்டு பெப்ரவரியில், பிராந்தியங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் மையக் களஞ்சியத்தில் அவை தீர்ந்துபோயின. இலக்கத்தை மனிதர் நினைவில் வைத்திருத்தல் அரிது. ஆதலால் பெயரொன்றும் வேண்டப்பட்டது. முதலில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே பட்டியலாக ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில், எலிசபெத் பைன்லர் என்னும் பெண்மணியின் பொறுப்பில் இருந்தன. பட்டியல் பெருகவே, 1983இல் போல் மொக்கபெற்றிஸ் வகுத்த ஆட்களப் பெயர் முறை அதன் இடத்தைப் பெற்றது. வீட்டிலக்கம், வீதி, ஊர், நாடு எனத் தபால் முகவரி விரிவதுபோல இப்பெயரும் புள்ளி புள்ளியாக விரியும். ஈற்றில் நிற்கும் ஈரெழுத்து நாட்டைக் குறிப்பது. இலங்கைக்குரிய எல், கே என்னும் எழுத்துக்கள் 1990இல் பதிவாயின. இருபதாண்டு கழித்து, 2010இல், புள்ளிக்குப் பின் 'இலங்கை' என்று தமிழெழுத்திலேயே எழுதும் உரிமையும் கிடைத்தது. சிங்கள எழுத்தில் 'லங்கா' என்பதும் உடன் கிடைத்தது. இந்தப் பெயரைப் பயன்படுத்துவோர் இன்றும் மிகச் சிலரே என்பது வருந்தத்தக்கது.

இணையமும் வலையும் ஒன்றெனக் கொள்ளுதல் பெருவழக்காயுள்ளது. அவை வேறு. இணையம் தண்டவாளம், வலை அதன்மீது ஓடும் வண்டிகளுள் ஒன்று. யாழ்தேவி ஓடும் தண்டவாளத்திலே தபால் வண்டியும் சரக்கு வண்டியும் ஓடுதல்போல, இணையத்தின்மீது மின்னஞ்சலும் வலையும் பிறவும் ஓடுகின்றன. மின்னஞ்சல் வலைக்கு ஏறத்தாழ இருபதாண்டு மூத்தது.

வலையின் பிறப்பிடம் சுவிற்சலாந்தின் ஜெனீவா நகரை அடுத்துள்ள சேர்ன் என்னும் அணுத்துகள் ஆராய்ச்சி நிலையம். அங்கே ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள் வந்து சில ஆண்டுகள் தங்கிச் செல்வர். அவர் போகும்போது அவர் அறிந்தவையும் உடன் போய்விடும். இக்குறையைத் தீர்க்க எண்ணிய ரிம் பேர்ணேஸ்-லீ என்னும் ஆங்கிலேயர், 1989 மார்ச்சு மாதத்தில் ஒரு திட்டத்தை எழுதித் தம் மேலாளரிடம் கொடுத்தார். 'தெளிவில்லை; ஆயினும் ஆர்வமூட்டுகின்றது' என்னும் கருத்தில் மேலாளர் அதன் தலைப்பிற் குறிப்பெழுதினார். திட்டம் இதுவே: ஓர் ஏட்டில் வரும் சொல்லைத் தொட்டால், அச்சொல்லைப் பற்றிக் கூறும் வேறோர் ஏடு, அது எந்நாட்டுக் கணினியில் இருப்பினும், கண்முன் வருதல் வேண்டும். அவ்வாறு ஏட்டை ஏட்டோடு பிணிப்பதே இணைப்பு, அல்லது 'லிங்க்'. இவ்வகை எழுத்திற்கு 'ஹைப்பர்ரெக்ஸ்ற்' என்னும் பெயரை ரெட் நெல்சன் என்னும் அமெரிக்கர் 1965இலேயே அச்சில் வழங்கியிருந்தார். தமிழ் உரையாசிரியர்களைப் பயின்றோர்க்கு இக்கருத்துப் புதுமையாகத் தோன்றாது. ஒரு சூத்திரத்துக்கு உரை கூறும்போது வேறோர் இயலின் சூத்திரத்தைச் சுட்டிச் செல்லுதல் அவர் வழக்கம். சுட்டிய இடத்துக்கு வாசகனே ஏட்டைப் புரட்டிப் போக வேண்டியிருந்தது என்பதே வேறுபாடு.

பெயரிடுதலிற் பேர்ணேஸ்-லீ சிறிது இடர்ப்பட்டார். 'தகவல் சுரங்கம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரொன்றை எண்ணினார். அதன் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் தம் பெயராகிய 'ரிம்' வருவதைக் கண்டு, தற்புகழ்ச்சியாகுமென அதனை விடுத்தார். ஈற்றில் உலகம் பரந்த வலை என்னும் பொருளில் மூன்று சொற்களைக் கோத்தார். அதன் சுருக்கமாகிய மூன்று 'டபிள்யூ'க்களைச் சொல்வதற்கு முழுப்பெயரைச் சொல்வதிலும் கூடிய நேரம் செல்லும். 'வைய விரிவு வலை' என்று தமிழாக்கியோர் அம்மூன்றையும் மூன்று வகரங்களாகக் காத்துள்ளனர். முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோடு தேவையற்றது எனப் பிற்காலத்தில் பேர்ணேஸ்-லீ தாமே ஒப்புக்கொண்டார். பிறர் கேட்கும்போதெல்லாம் ஏட்டை எடுத்து வழங்கும் கணினிக்கு வழங்கி அல்லது 'சேர்வர்' என்று பெயர். உலகின் முதல் வலை வழங்கி அவருடைய மேசையில் இருந்த கணினியே. இராக்காலத்தில் எவரேனும் அதனை அணைத்துவிட்டால் வலை முழுவதுமே நின்றுபோகும். ஆதலால், இது வழங்கி, அணைக்கவேண்டாம் என்று எழுதிய தாளொன்று அதன்மீது ஒட்டப்பட்டிருந்தது.

அவ்வேட்டைப் படிப்பவர் பக்கத்திற் பயன்படும் கருவி 'பிரவுசர்'. ஆடுமாடுகள் இளந்தளிரைக் கடித்து மேய்தலைக் குறித்த ஆங்கில வினை, புத்தகத்தை அங்குமிங்கும் புரட்டுதலுக்கு ஆகிவந்தது. 'நுனிப்புல் மேய்தல்' என்னும் தமிழ் வழக்கும் அதே காட்சியிலிருந்து அதே பொருளுக்கு வந்துள்ளமை வியப்புக்குரியது. தமிழில் அக்கருவியை 'உலாவி' என்றும் 'மேலோடி' என்றும் கூறுவர். 1993இல் அமெரிக்க இலினோய் பல்கலைக்கழகத்தில் மார்க் அண்ட்ரீசன், எரிக் பீனா என்போர் ஆக்கிய 'மொசேயிக்' என்னும் உலாவி, எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்திற் காட்டிப் பொதுமக்களை வலைக்கு ஈர்த்தது.

அவ்வாண்டில் நிகழ்ந்த மற்றொன்று இதனிலும் பெரிது. அப்பொழுது வலைக்குப் போட்டியாக, அதனிலும் பரவலாக, 'கோபர்' என்றொரு முறை இருந்தது. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் ஆக்கியது. வளை தோண்டும் சிறு பிராணியொன்றின் பெயரைத் தாங்கியது. 1993இன் தொடக்கத்தில் அப்பல்கலைக்கழகம் கோபர் வழங்கிகளில் ஒரு சாராரிடம் கட்டணம் அறவிட எண்ணுவதாக அறிவித்தது. பயன்படுத்துவோர் அஞ்சி ஒதுங்கத் தொடங்கினர். அவ்வாண்டு ஏப்ரில் 30ஆந் திகதி சேர்ன் நிலையத்தார், வலையின் மென்பொருளை எவரும் கட்டணமின்றி எடுத்தாளலாம் என எழுத்தில் அறிவித்தனர். இன்று கோபர் என்னும் சொல்லை அறிந்தோர் அரியர். 

தமிழில் 'இணையம்' என்னும் சொல்லை ஆக்கியவர் சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி என்பர். சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட தொகுப்பொன்று 1995 ஒக்டோபரில் வலையேறியபோது, அதில் தமிழ் இடம்பெற உழைத்தவரும் அவரே. 1999இல் அவர் காலமானார். 'இணை' என்னும் வினையிலிருந்து இயல்பாக எழுந்த இச்சொல், குழுக்களின் ஆணை எதுவுமின்றித் தமிழ் வழங்கும் நாடெங்கும் பரவிவிட்டது.

சொல் கிடைத்தது, எழுத்துக் கிடைக்கச் சில ஆண்டுகள் சென்றன. 1983இன் பின்னர் கனடா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா எனச் சிதறிய இலங்கைத் தமிழர்க்குக் கடிதத் தொடர்பு உயிர்நாடியாயிருந்தது. ஆனால் இலங்கையிற் பெரிதும் வழங்கிய 'பாமினி' எழுத்துருவில் எழுதிய மின்னஞ்சலை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமே வரிசையாகத் தோன்றும். உலக மொழிகள் அனைத்தின் எழுத்துக்களுக்கும் தனித்தனி இலக்கம் தரும் 'யூனிக்கோட்', அதாவது ஒருங்குறி, 1991இலேயே தமிழைச் சேர்த்திருந்தது. அது கணினிகளிற் பரவலாக வழக்கத்துக்கு வந்தது இரண்டாயிரமாம் ஆண்டின் பின்னரே. அதன் பயனைக் காண வேண்டுவோர் 'நூலகம்' என்னும் தளத்தை நோக்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது அழிந்தவற்றை எவராலும் மீட்டல் இயலாது. ஆயினும் 2005இல் தன்னார்வலர் சிலர் தொடங்கிய அத்தளத்திலே ஈழத்து நூல்களும் பழைய பத்திரிகைகளும் பல்லாயிரக்கணக்கிற் சேர்ந்துள்ளன.

இலங்கைக்குள் இணையம் பல்கலைக்கழக வழியாகவே வந்தது. 1990ஆம் ஆண்டு தொலைபேசிக் கம்பியைக் கொண்டு பல்கலைக்கழகங்களிடையே மின்னஞ்சல் தொடர்பு தொடங்கிற்று. பணம் செலுத்திப் பொதுமக்கள் பெறும் சேவை 1995இல் ஆரம்பமாயிற்று. கணினி வாங்க இயலாத மலையகக் கிராமத்தவர்க்கு அதனாற் பயன் சிறிதும் இல்லை. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கொத்மலைச் சமுதாய வானொலி, யுனெஸ்கோவின் உதவியோடு 1999ஆம் ஆண்டளவில் இதற்கு ஒரு வழி கண்டது. நேயர்கள் அறிய விரும்பியவற்றை நிலையத்துக்குத் தெரிவித்தனர். ஒலிபரப்பாளர் கணினியின் முன் அமர்ந்து, ஒலிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வலையில் அதனைத் தேடினார். ஆங்கிலத்திற் கிடைத்த விடையை, அத்துறை அறிந்த ஊரவர் ஒருவர் நிலையத்தில் இருந்தவாறே மக்கள் மொழியில் விளக்கினார். கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் உள்ள பொதுநூலகங்களில், விரும்பியவர் தாமே வந்து தேடிப் பார்ப்பதற்குக் கணினிகளும் வைக்கப்பட்டன.